இசட் எழுதினால், யாரோடு ஒப்பிட்டது என்றும் எழுதுங்கள்

யாழ்ப்பாணத்தில் மூளை ஸ்கான் அறிக்கை எழுதும் வைத்தியர்களுக்கும், ஸ்கான் நிலையங்களை நடத்துவோருக்கும், மூளைப் படங்களை வைத்து ஆய்வு செய்யும் மாணவர்களுக்கும், அவர்களின் மேற்பார்வையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

மதிப்புக்குரியவர்களே,

நான் வைத்தியன் இல்லை, புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறவன். உங்கள் தொழிலுக்குள் மூக்கை நுழைக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் என் தொழிலில் இருந்து ஒரு எண் உங்கள் அறிக்கைகளுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. நோயாளியும் வீட்டாரும் அதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், மாணவர்கள் அதைப் பார்த்து மயங்குகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இசட் என்று ஓர் எண்ணை எங்கே போட்டாலும், அது யாரோடு ஒப்பிட்டு வந்தது, எதனால் பிரித்து வந்தது, எத்தனை இடங்களைப் பார்த்ததில் ஒன்றாக வந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு வரி போதும்.

இசட் புள்ளியைத் தெரியாத வீடு இந்த ஊரில் இல்லை. 2001 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் இருந்து பல்கலைக்கழக அனுமதிக்கு அதுதான் கணக்கு. பெறுபேறு வரும் நாளில் மூன்று ஏ எடுத்த பிள்ளையிடமும் சனம் முதலில் கேட்பது "இசட் எவ்வளவு?" என்றுதான். கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பிள்ளை எடுத்த புள்ளியில் இருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய இடையை, அதாவது சராசரியை, கழித்து, வருவதை நியம விலகலால், அதாவது புள்ளிகள் அந்த இடையைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவால், பிரிக்க வேண்டும். மூன்று பாடத்துக்கும் அப்படிக் கண்டு சராசரி எடுக்கிறார்கள். பௌதிகவியலில் 60 புள்ளி, இடை 40, நியம விலகல் 16 என்று வைத்துக்கொள்வோம்: இசட் 1.25. இரசாயனவியலில் 70 புள்ளி, இடை 58, நியம விலகல் 12: இசட் 1. ஆக 60 எடுத்த பாடத்தில்தான் பிள்ளை மேலே நிற்கிறது.

இந்தக் கணக்கில் பிள்ளை கொண்டுவருவது ஓர் எண்தான். மற்ற இரண்டும், இடையும் நியம விலகலும், அடுத்தவர்களிடம் இருந்து வருகின்றன. அடுத்தவர்களை மாற்றினால் பிள்ளை ஒரு வரியும் கூட எழுதாமலே இசட் மாறிவிடும். 2011 இல் நடந்தது அதுதான். பழைய பாடத்திட்டத்தில் தோற்றியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் தோற்றியவர்களையும் கலந்து இசட் போட்டார்கள், வழக்கு நீதிமன்றம் வரை போனது. 2012 இல் உயர் நீதிமன்றம் அந்தப் புள்ளிகளை இரத்துச் செய்து, இரண்டு கூட்டத்தையும் வெவ்வேறு குடித்தொகையாக வைத்துத் திரும்பக் கணக்கிடச் சொன்னது. ஒப்பீட்டுக் கூட்டம் பிழை என்றால் எண்ணும் பிழை என்பதை இந்த நாட்டில் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் மொழிவாரியாகவும் பிறகு மாவட்டவாரியாகவும் நடந்த தரப்படுத்தலைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. யாரை யாரோடு வைத்துப் பார்த்தீர்கள் என்று கேட்பதில் நாங்கள் பழுத்த ஆட்கள்.

மூளை ஸ்கான் அறிக்கை கையில் வரும்போது மட்டும் அந்தக் கேள்வி தொண்டையில் நின்றுவிடுகிறது. வைத்தியரிடம் அப்படிக் கேட்கலாமா என்ற தயக்கம்.

என் பெரியம்மாவுக்கு 71 வயது. சாவியை வைத்த இடம் மறக்கிறது, சொன்னதையே திரும்பச் சொல்கிறார் என்று எம்.ஆர்.ஐ எடுத்தார்கள். எந்த நிலையம் என்பது இங்கே தேவையில்லை. அறிக்கையோடு மென்பொருள் தானாகவே தயாரித்த ஒரு பக்கமும் வந்தது. மூளையின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரி, அதில் கனவளவு, அதற்கு நேரே இசட். எல்லா வரியும் கறுப்பு, ஒன்று மட்டும் சிவப்பு: இடது ஹிப்போகாம்பஸ் (நினைவாற்றலுக்கு முக்கியமான பாகம்), இசட் -2.1. அதற்குக் கீழே விளக்கமாக ஒரு சொல்லும் இல்லை. கனடாவில் இருக்கும் மகன் அந்தப் பக்கத்தை வட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, இணையத்தில் தேடி, அன்றிரவே அழத் தொடங்கிவிட்டான். பெரியம்மாவுக்கு வேறு கவலை. "தம்பி, மைனஸ் எண்டு போட்டிருக்கு. அப்ப மூளை கடனிலயோ இருக்கு?" என்று கேட்டார். மைனஸ் என்றால் சராசரிக்குக் கீழே, உலகத்தில் பாதிப் பேர் மைனஸ்தான் என்று சொன்னேன். சிரித்தார். மகனைச் சமாளிப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

சரி, -2.1 என்ன சொல்கிறது? பரம்பல் செவ்வன் பரம்பலாக, அதாவது நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சமமாகச் சரியும் மணி வடிவில், இருந்தால், ஒப்பீட்டுக் கூட்டத்தில் ஆயிரம் பேரில் ஏறக்குறைய 18 பேருக்கு இதைவிடக் குறைவாக இருக்கும். அவ்வளவுதான். அந்த 18 பேரும் நலமாக இருக்கிறார்கள் என்றுதான் ஒப்பீட்டுக் கூட்டத்தில் சேர்த்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. இசட் ஒரு நோயின் பெயர் இல்லை, ஒரு வரிசையில் நிற்கும் இடம்.

எந்த வரிசை என்பதுதான் அந்தப் பக்கத்தில் இல்லை. ஹிப்போகாம்பஸ் வயதோடு சுருங்குவது வழமை. 71 வயதுக்காரரை 50 வயதுக்காரர்களோடு நிறுத்தினால் இசட் கீழே போகாமல் என்ன செய்யும்? பெரியம்மா நாலடி பத்தங்குல உயரம், சின்னத் தலை. தலை சின்னது என்றால் மூளையின் பாகங்களும் பொதுவாகச் சின்னதுதான். மண்டையோட்டின் உட்கனவளவுக்குத் திருத்தம் செய்தார்களா, அல்லது வெறும் மில்லிலீற்றரை எடுத்து உயரமான ஆண்களும் கலந்த ஒரு கூட்டத்தின் இடையில் இருந்து கழித்தார்களா? அறிக்கை வாய் திறக்கவில்லை. இயந்திரத்துக்கு இயந்திரமும் அளவு மாறும். 1.5 டெஸ்லா காந்த வலுவில் எடுத்த படத்தையும் 3 டெஸ்லாவில் எடுத்த படத்தையும் ஒரே மென்பொருளில் போட்டால்கூட ஒரே கனவளவு வரும் என்று நம்பியிருக்க முடியாது. இன்னொன்று, பெரியம்மாவுக்கு அன்றைக்கு இருமல். ஸ்கானுக்குள் தலை அசைந்தால் சாம்பல் பொருளின் அளவு குறைத்துக் கணிக்கப்படுகிறது என்பது ஆய்வில் நிரூபிக்கப்பட்ட விஷயம். படம் கலங்கியது என்று கண்ணுக்குத் தெரியாத அசைவே அதற்குப் போதும். இருமல் கடைசியில் மூளைச் சுருக்கமாக அச்சில் வந்து நிற்கலாம்.

இந்தச் சந்தேகங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன, ஒப்பீடு மிகச் சரி என்றே எடுப்போம். அப்படியும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் சிவப்பாக வந்த ஒரு வரியைப் பார்த்தோமே தவிர, மொத்தம் எத்தனை வரி என்று யாரும் எண்ணவில்லை. ஆய்வுகளில் அதிகம் பயன்படும் டெசிகான்-கிலியானி வரைபடத்தில் மூளையின் மேற்பட்டை மட்டும் 68 பாகம், பக்கத்துக்கு 34. நலமாக இருக்கும் ஒருவரை எடுத்தாலும் ஒவ்வொரு பாகமும் -2 க்குக் கீழே போக நூற்றுக்கு 2.3 வாய்ப்பு உண்டு. 68 ஐ அதால் பெருக்கினால் சராசரியாக ஒன்றரைப் பாகம். அதாவது நோயே இல்லாத ஆட்களுக்கும் ஒன்றிரண்டு வரி சிவப்பில் வருவதுதான் எதிர்பார்க்க வேண்டியது. ஒன்றுகூடச் சிவக்காவிட்டால் அந்த ஆள் கொஞ்சம் அதிர்ஷ்டசாலி. இந்த ஒரு வசனம் அந்தப் பக்கத்தின் அடியில் இருந்திருந்தால் கனடாவில் ஒருவன் நித்திரை கொண்டிருப்பான்.

மூளையின் உட்புற நரம்பிழைப் பகுதியான வெண்பொருளில் தெரியும் வெள்ளைப் பொட்டுகளின் அளவுக்கும் சில மென்பொருள்கள் இசட் போடுகின்றன. அது இன்னும் மோசம். பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சம்தான் இருக்கும், சிலருக்கு மட்டும் நிறைய இருக்கும். பரம்பல் ஒரு பக்கம் வால் நீண்டு கிடக்கும். அதில் இசட் 2 என்றால் நூற்றுக்கு 2.3 பேர்தான் இதற்கு மேல் என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் நேரடியாக, உங்கள் வயதுக்காரர் நூறு பேரில் இத்தனை பேருக்கு இதைவிடக் கூட இருக்கிறது என்று எழுதினால் யாருக்கும் விளங்கும்.

பெரியம்மாவைப் பார்த்த நரம்பியல் வைத்தியர் நல்லவர். சிவப்பு வரியை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தார், அதைவிட அதிகமாக ஆளைப் பார்த்தார், கதைக்க வைத்தார், நினைவாற்றல் சோதனை செய்தார். ஒரு வருடம் கழித்து அதே இயந்திரத்தில், அதே அமைப்பில் திரும்ப எடுப்போம், அவரை அவரோடேயே ஒப்பிடுவோம் என்றார். புள்ளிவிபரக்காரன் கேட்க விரும்பும் பதில் அதுதான். ஆனால் அந்த வைத்தியரின் அறைக்குள் போவதற்கு முன் அறிக்கை வீட்டில் மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்துக்கும் சேர்த்துத்தான் நீங்கள் அறிக்கை எழுதுகிறீர்கள்.

ஒப்பீட்டுக் கூட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். 2022 இல் நேச்சர் இதழில் வந்த மூளை வளர்ச்சி வரைபடங்களுக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்களின் 123,984 ஸ்கான்களைச் சேர்த்தார்கள். கருவில் இருக்கும் பருவத்தில் இருந்து நூறு வயது வரை. குழந்தையின் நிறைக்கு மருத்துவிச்சியின் அட்டையில் கோடு போடுவது போல மூளைக்கும் போடலாம் என்பது நோக்கம். பெரிய வேலை, நல்ல வேலை. அதைச் செய்தவர்களே தங்கள் தரவு ஐரோப்பா, வட அமெரிக்கா பக்கம் சாய்ந்திருப்பதைச் சொல்லியிருக்கிறார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் (மனநல, நரம்பியல் நிறுவனம்) சார்ந்த ஆய்வாளர்கள் 2020 இல் 6 வயது முதல் 60 வயது வரையான இந்தியர்களுக்கென்று தனி மூளை மாதிரிகள் வெளியிட்டதும் இந்தக் காரணத்தால்தான். ஆனால் அது 60 வயதோடு நிற்கிறது. மறதி என்று ஸ்கான் எடுக்க வருகிறவர்களில் அநேகர் அந்த வயதைத் தாண்டியவர்கள்.

அப்படியென்றால் நாங்களே ஊருக்குள் நாற்பது பேரைச் சேர்த்து ஒரு ஒப்பீட்டுத் தொகுதி செய்யலாமே என்று ஒரு மாணவி கேட்டார். செய்யலாம், நல்ல தொடக்கம். ஆனால் நாற்பது பேரில் இருந்து கண்ட நியம விலகல், உண்மையான நியம விலகலில் இருந்து ஐந்தில் ஒரு பங்கு கூடவோ குறையவோ இருக்க இடமுண்டு. அந்தத் தளம்பல் அப்படியே இசட்டுக்குள் போகும்: -2.1 என்று அச்சிட்டது -1.75 ஆகவும் இருக்கலாம், -2.6 ஆகவும் இருக்கலாம். சின்னக் கூட்டத்தோடு ஒருவரை ஒப்பிடும்போது இசட் அட்டவணையை விட்டு டி பரம்பலுக்கு (ஆட்கள் குறைவாக இருக்கும்போது பயன்படும், வால் தடித்த பரம்பல்) போக வேண்டும், இடையும் மதிப்பிட்டதுதான் என்பதற்கும் சேர்த்துப் பிரிப்பானைக் கொஞ்சம் பெருக்க வேண்டும். சூத்திரம் சின்னது, கேட்கிறவர்களுக்குத் தருகிறேன். நான் கேட்பது இசட்டைத் தசமம் இரண்டு தானத்துக்கு அச்சிட்டுவிட்டு நாற்பது பேர் என்பதை மறைக்காதீர்கள் என்பதுதான்.

இனி ஆய்வு மாணவர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும்.

இப்போது யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே உலகத் தரவை இறக்கலாம். ஹியூமன் கனெக்டோம் என்ற மூளைத் தொடர்பு ஆய்வுத் திட்டத்தின் படங்கள், ஓப்பன்நியூரோ என்ற பொதுக் களஞ்சியத்தில் கிடக்கும் நூற்றுக்கணக்கான தொகுதிகள். ஒக்ஸ்போர்டின் எஃப்.எஸ்.எல்., லண்டனின் எஸ்.பி.எம். என்ற மூளைப் படப் பகுப்பாய்வு மென்பொருள்கள் இரண்டையும் காசில்லாமல் இறக்கலாம். இரவு முழுக்க மடிக்கணினி ஓடினால் காலையில், ஒரு பணியைச் செய்யும்போது மூளையின் எந்த இடம் வேலை செய்கிறது என்று காட்டும் ஒரு படம் வரும்: சாம்பல் மூளையின் மேல் சிவப்பும் மஞ்சளும், ஓரத்தில் நிறப் பட்டை, அடியில் 3.1, உச்சியில் 6. அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "சேர், இந்த இடத்தில இசட் 6. அப்ப இந்த இடம்தான் கூட வேலை செய்யுது."

இல்லை. பெரியம்மாவின் இசட் வேறு, இந்த இசட் வேறு. எழுத்து ஒன்று, வகுத்த எண் வேறு. முதலாவதில் ஓர் ஆளின் அளவை ஆட்களுக்கிடையிலான நியம விலகலால் பிரித்தோம். இங்கே ஒரு குழுவின் சராசரி விளைவை நியம வழுவால் பிரிக்கிறோம். நியம வழு என்பது நியம விலகலை ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பிரித்தது. ஆகவே ஆட்கள் கூடக் கூட வகுக்கும் எண் சிறுக்கும், இசட் பெருக்கும், மூளையில் ஒரு மாற்றமும் இல்லாமலே. விளைவு நியம விலகலில் பாதி என்று எடுங்கள். 16 பேரை வைத்துச் செய்தால் இசட் ஏறக்குறைய 2, நூறு பேரை வைத்தால் 5, நானூறு பேரை வைத்தால் 10. அதே விளைவு. மறுபக்கம், விளைவு நியம விலகலில் இருபதில் ஒரு பங்குதான், கண்ணுக்கே தெரியாதது. பத்தாயிரம் பேரை வைத்தால் அதற்கும் இசட் 5. யூ.கே. பயோபாங்க் போன்ற பெரிய தொகுதிகளில் எதைத் தொட்டாலும் இசட் குதிப்பது இதனால்தான்.

இசட் 6 என்பது இங்கே விளைவு பூச்சியம் இல்லை என்பதற்கான சாட்சியம் பலமாக இருக்கிறது என்று சொல்கிறது. விளைவு பெரிது என்று சொல்லவில்லை. பெரிதா சிறிதா என்று தெரிய வேண்டுமானால் சமிக்ஞை எத்தனை வீதம் மாறியது என்று பாருங்கள். பெரும்பாலும் அது நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவுதான், இரத்த ஒட்சிசன் மாற்றத்தால் வரும் சின்ன அசைவு. அந்த எண்ணையும் அட்டவணையில் போடுங்கள். மேற்பார்வையாளர்கள் தயவுசெய்து அதைக் கேட்டு வாங்குங்கள். உச்ச இசட்டுகள் மட்டும் வரிசையாக அடுக்கிய அட்டவணையை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

மாணவர்கள் தடுக்கி விழும் இன்னொரு இடம், டி யில் இருந்து இசட்டுக்கு மாறுவது. சின்னக் குழுவில் மென்பொருள் முதலில் டி யைத்தான் காணும். பிறகு அதே நிகழ்தகவு இசட்டில் எங்கே வருகிறது என்று பார்த்து மாற்றும். 12 பேரை வைத்து டி 3.11 வந்தால் இசட் 2.58 தான். ஒரு ஆய்வின் டி படத்தையும் இன்னொன்றின் இசட் படத்தையும் பக்கத்தில் வைத்து இது கூட, அது குறைவு என்று எழுதியவர்கள் உண்டு. மூளையின் இரண்டு இடங்கள் எவ்வளவு சேர்ந்து இயங்குகின்றன என்று காட்டும் தொடர்புப் படங்களில் வரும் ஃபிஷரின் இசட் இன்னொரு சாதி. அது இணைவுக் குணகத்தின் உருமாற்றம், 0.5 அங்கே 0.55 ஆகும். அதைப் போய், படத்தில் நிறம் காட்டும் எல்லையான 3.1 என்ற வெட்டுப்புள்ளியோடு வைத்துப் பார்க்கக் கூடாது. ஒரே எழுத்தில் இத்தனை எண்களுக்குப் பெயர் வைத்தது எங்கள் துறையின் குற்றம், உங்களுடையது இல்லை.

வெட்டுப்புள்ளி என்றதும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நன்றாக விளங்குகிறது, சில வேளை தேவைக்கு மேலும். எஃப்.எஸ்.எல்லில் முன்பு வழமையாக இருந்தது 2.3, இப்போது 3.1. ஏன் மாறியது என்று கேட்டால் பலருக்குத் தெரியவில்லை. கணக்கைப் பாருங்கள். 2 மில்லிமீற்றர் நியம மூளைப் பெட்டியில் 91 தர 109 தர 91, மொத்தம் 902,629 வொக்சல், அதாவது படத்தின் சின்னக் கனசதுரங்கள். மூளைக்குள் விழுபவை சுமார் 230,000. எதுவுமே நடக்காத மூளையில், நூற்றுக்கு ஐந்து என்ற வழமையான எல்லையை ஒவ்வொரு வொக்சலிலும் வைத்தால் சுமார் 11,500 வொக்சல் சும்மா எரியும், அதாவது படத்தில் நிறம் பெறும். இசட் 2.3 என்று வைத்தால் 2,500 அளவில். 3.1 என்று வைத்தாலும் 220 மிஞ்சும். படத்தை மென்மையாக்குவதால் பக்கத்துப் பக்கத்து வொக்சல்கள் சேர்ந்தே எரியும். அதனால் அவை சிதறிக் கிடக்காமல் ஒரு திட்டாக, கண்டுபிடிப்புப் போலவே வந்து நிற்கும்.

2009 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கானுக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, இந்த மனிதர் என்ன உணர்கிறார் என்று மீனிடம் கேட்டார்கள். பல ஒப்பீட்டுத் திருத்தம் (இத்தனை இடங்களைச் சோதித்தோம் என்பதற்காக எல்லையை இறுக்குவது) செய்யாத பகுப்பாய்வில் மீனின் மூளையில் திட்டு எரிந்தது. திருத்தம் செய்ததும் அணைந்தது. 2012 இல் அதற்கு, சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். வகுப்பில் நான் இதைச் சொன்னால் அந்த மீனைப் பிறகு குழம்பு வைத்தார்களா என்ற கேள்விதான் முதலில் வரும். பரவாயில்லை, மீன் நினைவில் நிற்கிறது.

மீன் பகிடி. 2016 இல் எக்லுண்ட், நிக்கல்ஸ், நட்சன் மூவரும் செய்தது பகிடி இல்லை. ஒரு பணியும் செய்யாமல் சும்மா படுத்திருந்த 499 நலமான ஆட்களின் தரவை எடுத்து, இல்லாத பரிசோதனைகளை இருப்பதாக வைத்து, லட்சக்கணக்கில் ஓட்டிப் பார்த்தார்கள். நூற்றுக்கு ஐந்து பிழை என்று வாக்குத் தந்த, திட்டுகளை வைத்து முடிவு சொல்லும் முறைகள், மோசமான அமைப்பில் நூறு பகுப்பாய்வில் எழுபது வரை பொய்த் திட்டுகளைத் தந்தன. 2.3 போன்ற தளர்ந்த எல்லையில் திட்டு கட்டியதுதான் பெரும் பிழை, 3.1 இல் நிலைமை எவ்வளவோ மேல். எல்லை மாறியது அதனால்தான். ஆகவே பழைய ஆய்வுக் கட்டுரை 2.3 போட்டது, நானும் போட்டேன் என்பது ஒரு பதில் ஆகாது.

மறுபக்கத்துக் கோளாறும் உண்டு. அது எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி நான்கு தசமதானத்துக்கு வருகிறது. நாலாவது தானத்தில் ஒன்று குறைந்தாலும் பிள்ளை வெளியே. அங்கே கதிரைகள் எண்ணிக்கையில் அடங்கியவை, எங்கேயோ வெட்டித்தான் ஆகவேண்டும். மூளைப் படத்தில் யாரும் கதிரைக்குப் போட்டியிடவில்லை. 3.05 வந்த இடம் செயலற்றது என்றும் 3.15 வந்த இடம் செயற்பட்டது என்றும் எழுத வேண்டிய தேவையே இல்லை. இதைவிட மோசமாக, இடப்பக்கம் 3.2, வலப்பக்கம் 2.9, ஆகவே இந்த வேலை இடப்பக்கத்துக்கே உரியது என்று முடிவுரை எழுதுகிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று அறிய வித்தியாசத்தையே சோதிக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்தால் அந்த வித்தியாசத்தின் இசட் 0.2 தான் வரும். ஒன்றுமில்லை என்று பொருள்.

வெட்டுவதால் எவ்வளவு இழக்கிறோம் என்பதற்கு 2020 இல் நேச்சரில் வந்த ஒரு வேலை சாட்சி. 108 பேரின் ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்து, ஒன்பது கருதுகோள்களுக்கு ஆம், இல்லை என்று பதில் கேட்டார்கள். ஒரே மாதிரிப் பகுப்பாய்வு செய்த குழுக்கள் என்று இரண்டைக்கூடக் காண முடியவில்லை. சில கருதுகோள்களுக்குப் பதில்களும் கணிசமாகப் பிரிந்தன. ஆனால் வெட்டாத முழுப் படங்களை எடுத்து வைத்துப் பார்த்தபோது பல குழுக்களின் படங்கள் ஒன்றோடொன்று நன்றாகவே ஒத்துப்போயின. சண்டை அதிகமும் வெட்டுப்புள்ளியைச் சுற்றித்தான். ஆகவே மாணவர்கள் வெட்டிய படத்தோடு வெட்டாத இசட் படத்தையும் நியூரோவோல்ட் போன்ற பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டு, அதன் முகவரியை ஆய்வேட்டில் போடுவதை மேற்பார்வையாளர்கள் ஒரு விதியாகவே வைக்கலாம். செலவு ஒன்றுமில்லை. அடுத்த வருடம் வரும் பிள்ளை அதை எடுத்துத் தன்னுடையதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

மீண்டும் நோயாளி அறிக்கைக்கு வருகிறேன், அவசரம் அங்கேதான். உங்களிடம் நான் கேட்கும் இரண்டு வரி இப்படி இருக்கலாம்: "இந்த இசட், நலமாக உள்ள இத்தனை பேரின் அளவோடு, வயது, பால், தலையளவு ஆகியவற்றுக்குத் திருத்தி ஒப்பிட்டது; அவர்கள் இந்த நாட்டவர்கள், இந்த வயதுக்குட்பட்டவர்கள், இந்த வகை இயந்திரத்தில் எடுக்கப்பட்டவர்கள். மொத்தம் இத்தனை பாகங்கள் பார்க்கப்பட்டன. நலமாக உள்ளவர்களிலும் ஒன்றிரண்டு பாகம் -2 க்குக் கீழே வருவது வழமை. முடிவை உங்கள் வைத்தியர் சொல்வார்." படம் எடுக்கும்போது அசைவு இருந்தால் அதையும் ஒரு சொல்லில் சேருங்கள். சிவப்பு நிறத்தை எடுத்துவிட முடியுமானால் எடுத்துவிடுங்கள், அது வைத்தியருக்கு ஒன்றும் கூடுதலாகச் சொல்வதில்லை.

இதைத் தமிழில் எழுதுவது கஷ்டம் என்று சொல்லாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் வைத்தியர் உடற்கூற்றியலையே தமிழில் படிப்பித்து, பாடநூல்களும் போட்டிருக்கிறார். இரண்டு வரி ஒரு பொருட்டா?

வசனங்களை எழுதித் தர நான் தயார். ஸ்கான் நிலையமோ மருத்துவ பீடமோ கூப்பிட்டால், பரீட்சை விடைத்தாள் திருத்தும் காலம் தவிர்ந்த எந்தச் சனிக்கிழமையும் வந்து இருந்து ஒவ்வொரு மென்பொருளின் பக்கத்துக்கும் பொருத்தமாகச் செய்து தருவேன். ஆனால் முதல் வேலை என் கையில் இல்லை. அந்த மென்பொருளை விற்ற நிறுவனத்திடம் ஒப்பீட்டுத் தொகுதியின் விபரத்தை எழுத்தில் கேட்க வேண்டும்: எத்தனை பேர், எந்த வயது, எந்த நாடு, என்ன இயந்திரம், தலையளவுத் திருத்தம் உண்டா. நான் எழுதினால் அவர்கள் பதில் போட மாட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் நீங்கள். உங்கள் கடிதத் தலைப்பில் போனால் பதில் வரும்.

இப்படிக்கு,
புள்ளிவிபரவியல் ஆசிரியன் ஒருவன்,
கோண்டாவில்